கடையில் வாங்கிய ஓர்க்கிட் செடியைத் தேற்றி மீண்டும் பூக்கச் செய்தல்

பூத்து நிற்கும் ஓர்க்கிட் செடியொன்றைக் கடையில் வாங்கி வந்து வீட்டு விறாந்தையில் வைப்போர் இன்று நம் கரையோரக் கிராமங்களிலும் பலராவர். பூ இரண்டொரு மாதம் நிற்கும். பின்னர் பூ உதிரும். இலை சுருங்கி மஞ்சளாகும். ஈற்றில் செடி குப்பைமேட்டைச் சேரும். கொடுத்த பணமோ சிறிதன்று. அவ்வாறு எறியப்படும் செடிகளுட் பல உண்மையில் இறந்தவையல்ல. உரிய முறையிற் பேணினால் அவை மீண்டும் பூக்கும்.

செடி நலிவதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். வீட்டில் வாடும் ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை தாகத்தால் வாடுவதில்லை. நீர் மிகுந்து வேர் அழுகியே வாடுகின்றன. நெற்பயிரின் வேர் சேற்றிலும் வாழ வல்லது. அதன் தண்டிலிருந்து வேர்வரை காற்றைக் கொண்டு செல்லும் குழல்கள் உள்ளமையே அதற்குக் காரணம். ஓர்க்கிட்டின் இயல்பு வேறு. கடைகளில் விற்கப்படும் இனங்கள் மரக்கிளைகளைப் பற்றி வளரும் மேலொட்டிகளின் வழிவந்தவை. நம் வறண்ட வலயக் காட்டு மரங்களிலே வண்டா இனச் செடிகள் வேரைக் காற்றிற் தொங்கவிட்டு நிற்பதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். (அவற்றைப் பிடுங்கி வருதல் கூடாது, காட்டு ஓர்க்கிட்டுகள் பல சட்டத்தினாற் பாதுகாக்கப்பட்டவை.) அவ்வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை உண்டு. அது மழையை உடனே உறிஞ்சும்; பின்பு உலரவும் வேண்டும். உலராவிடின் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே இலை சுருங்கும். அதைக் கண்டு செடிக்கு நீர் போதாதென்றெண்ணி மேலும் ஊற்றுவோரே அதிகம்.

எனவே வாடிய செடியைச் சாடியிலிருந்து மெல்ல வெளியே எடுத்து வேரைப் பார்த்தல் வேண்டும். வேரின் நடுவே ஈரப் பாசியுருண்டை ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தால் அதனை நீக்கிவிடுக. கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது. விரலால் அழுத்தும்போது உறுதியாயிருக்கும் வேர் உயிருள்ளது; அது உலர்ந்தபோது வெள்ளியாகவும் நனைந்தபோது பச்சையாகவும் தோன்றும். கபில நிறமாய்க் குழைந்து, தோல் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும் வேர் இறந்தது. இறந்தவற்றை, நெருப்பிற் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டுக. ஒரு செடியின் வைரசு நோய் மற்றொன்றிற்குக் கத்தி வழியே செல்லுமாதலால் செடிக்குச் செடி கத்தியைச் சுடுதல் நன்று. தண்டின் வெட்டுவாயிற் சிறிது கறுவாத்தூள் தடவலாம். நல்ல வேரில் அது படலாகாது, வேரை உலர்த்திவிடும். பின் ஒருநாள் நிழலில் வைத்துக் காயத்தை ஆறவிடுக.

சாடிக்கு மண் வேண்டா. உடைந்த ஓட்டுத்துண்டும் மரக்கரியுமே போதும். தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு மட்டைக்குக் குறைவில்லை; ஆயினும் மட்டையைப் பச்சையாக இடுதல் தவறு. அதில் உப்பும் துவர்ப்புச் சாயமும் உண்டு. சிறு துண்டுகளாக நறுக்கி, மூன்று கிழமைவரை நன்னீரில் ஊறவிட்டு, சாயம் இறங்குவது நிற்கும்வரை நீரை மாற்றி வருக. தும்பிற்காகக் களப்போரத்து உப்புநீரில் ஊறப்போட்ட மட்டையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. சாடி வேர் அடங்குமளவிற்குச் சிறிதாகவும் பக்கங்களிலும் துளையுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். செடியின் அடி புதையாமல் மேலே நிற்க, ஆடாதவாறு ஒரு குச்சியோடு கட்டுக. ஆடும் செடி புதுவேர் ஊன்றாது.

இனி, இக்கரையோரத்தில் மிக முக்கியமான நீரைப் பற்றிக் கூறுவோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலடியில் நன்னீர் மெல்லிய படையாகவே நிற்கின்றது. கூடுதலாக இறைத்தால் உவர் ஏறும். மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளையின் நைத்திரேற்றும் மணலூடாக வடிந்து கிணற்றைச் சேர்கின்றது. வெங்காயமும் பீற்றூட்டும் பொறுத்துக்கொள்ளும் நீரை ஓர்க்கிட் பொறுத்துக்கொள்ளும் என எண்ணற்க. நாவிற்கு உப்புத் தெரியாத நீரும் அதற்கு உப்பாயிருக்கலாம். சாடி விளிம்பில் வெண்படிவு காணல், இலைநுனி கருகல், வேர்நுனி கறுத்து நிற்றல் என்பன இதன் அறிகுறிகள். மழைநீரே சிறந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில், முதல் மழை கூரையைக் கழுவிச் சென்றபின் வரும் நீரைப் பீப்பாயிற் பிடித்து வைக்கலாம். நாளொன்றுக்குக் கால் இலீற்றர் வீதம் 150 நாள் வரட்சிக்கும் ஒரு செடிக்கு 40 இலீற்றருக்கு மேல் வேண்டியதில்லை. பீப்பாயை நுளம்பு புகாதவாறு இறுக மூடுதல் கட்டாயம். செடியைக் காக்கப்போய் டெங்கை வளர்த்தலாகாது.

நீரைக் காலையில் ஊற்றுக. சாடியின் எடை குறைந்து, வேர் வெள்ளியாக மாறிய பின்னரே மறுமுறை ஊற்றுதல் முறை. மே முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேல் காற்றில் ஓட்டுத்துண்டுச் சாடி ஒரே நாளில் உலர்ந்துவிடும். மாரியிலோ பல நாள் ஊற்ற வேண்டியிராது. அக்காற்று கடலுப்பையும் சுமந்து வருவதாற் செடியை வீட்டின் கீழ்ப்புறத்திலோ மதிலின் மறைவிலோ தொங்கவிடுக. மாரிகாலத்தில் நத்தை இரவில் வந்து வேர்நுனியைத் தின்னும். தொங்கும் சாடிக்கு அத்தொல்லை குறைவு.

வேர் முற்றாக அழிந்த செடியைக் குளிர்ந்த நிழலில், ஈரத் தும்புக்கு மேலே, தும்பு தொடாதவாறு நிறுத்தி வைக்கலாம். ஈரக்காற்றே அதனைச் சில கிழமை தாங்கும். புதுவேர் எட்டிப் பார்க்கும்வரை பசளை இடலாகாது. வேர் ஓடத் தொடங்கியபின் நீரிற் கரையும் கலப்புப் பசளையை இலீற்றருக்கு 1 கிராமுக்கு மேற்படாமற் கரைத்து, இரு கிழமைக்கு ஒருமுறை, முன்னரே நனைந்த வேருக்கு ஊற்றுக. பாத்திக்கு எறிவதுபோலக் கைப்பிடியாக எறிந்தால் வேர் கருகும்.

பூப்பதற்கு எவ்வளவு காலமாகும் என்பது இனத்தைப் பொறுத்தது. தடித்த தண்டுகள் கூட்டமாக எழும் டெண்ட்ரோபியம் நம் வெப்பத்திற்கு இசைந்தது; பாதி வெயில் வடிந்துவரும் தென்னை நிழலில் நன்கு தேறும். அதன் இலையுதிர்ந்த பழந்தண்டுகளை வெட்டற்க. அவை நீரையும் உணவையும் சேமித்து வைத்திருப்பவை. சிலவேளை அவையே மீண்டும் பூக்கும். அடியிலிருந்து எழும் புதுத்தண்டு முதிரப் பல மாதங்கள் செல்லும். முதிர்ந்தபின் அதன் நுனியிற் பூங்காம்பு தோன்றும். தேறிவரும் செடி அவசரப்பட்டுப் பூத்தால் அப்பூவைக் கிள்ளிவிடுதலே நன்று, மனம் வருந்தினாலும்.

அகன்ற இலையும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூவும் உடைய பலனொப்சிசு வேறு வகையினது. 28 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட வெப்பம் தொடர்ந்தால் அது இலையை வளர்க்குமேயன்றிப் பூங்காம்பு விடாது. பல கிழமைகள் அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். ஆகவே மலைநாட்டிற் பூத்த செடியை இங்கு கொண்டுவந்து ஆண்டு முழுதும் பூ எதிர்பார்த்தல் வீண். முதன்முறை வாங்குவோர் டெண்ட்ரோபியத்தையே வாங்குதல் நன்று. பலனொப்சிசு ஏற்கெனவே வீட்டிலிருப்பின், மார்கழி, தை மாதங்களில் இரவுக் காற்றுப்படும் வெளி விறாந்தையில் அதனை வைத்து, இலைக்கவட்டில் நீர் தேங்காமற் பார்த்துக்கொள்க. இலையடியிற் புதிதாகத் தோன்றும் முனை பச்சையாய், நுனி சற்றுத் தட்டையாய், மேல்நோக்கி வளைந்து வருமாயின் அது வேரன்று, பூங்காம்பு. அதன்பின் செடியைத் திருப்பி வைக்காமல் அவ்விடத்திலேயே விட்டுவிடுக.