தீக்காயம்: வீட்டு வைத்தியம் யாருடைய தேர்வு?

2017 ஜூலையில் ஓர் இரவு, எம்.கே.பி. நகரை அடுத்துள்ள கொடுங்கையூரில் பேக்கரி ஒன்றில் பற்றிய தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்று, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களிலும் சிலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்தனர்.

தீக்காயத்தின் இயல்பு இதுவே. முதல் நாள் தெளிவாகப் பேசுகிறவர் பிழைத்துவிட்டார் என்று பொருளன்று. தோல் எரிந்ததும் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசியத் தொடங்குகிறது. முதல் 24 மணி நேரத்தில் நரம்பு வழியாகப் போதிய திரவம் ஏற்றாவிடில் சிறுநீரகம் செயலிழக்கும். அதைக் கடந்தவரைப் பின்னர் கிருமித் தொற்று தாக்கும். இவ்விரண்டையும் வீட்டில் தடுக்க இயலாது.

காயமுற்றவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவரது உடற்பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. பெரியவருக்கு 15, குழந்தைக்கு 10 விழுக்காட்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலும், மின்சாரம், அமிலம், புகை ஆகியவற்றால் நேர்ந்தாலும், காயம் சிறிதெனினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உடனே 20 நிமிடம் குழாய் நீரைக் காயத்தின்மீது ஓடவிடுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

இவை தெரிந்தும் மக்கள் வீட்டிலேயே கிடப்பது அறியாமையால் மட்டுமன்று. உடன் இருப்பவரின் நாள் கூலி போகும். "போலீஸ் கேஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் ஒப்பந்ததாரர். வார்டில் சாதியும் சேரியும் கேட்கப்படும் என்ற அச்சம் வேறு. இந்நிலையில் எடுக்கும் முடிவைக் குடும்பத்தின் தேர்வு என்பது பொருந்தாது.

வீட்டில் கிடப்பவர் சிகிச்சையோடு சான்றையும் இழக்கிறார். ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலில், காயம் எங்கே, எப்போது, எதனால் நேர்ந்தது என்பது பதிவாகிறது. வேலையின்போது வேலையின் காரணமாகக் காயம் நேர்ந்தது என்பதை நிறுவாமல் தொழிலாளர் இழப்பீடு பெறுவது கடினம். 2016-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகள், முகம் தவிர்த்த உடற்பகுதியில் அமில வீச்சால் நேர்ந்த காயத்துக்கான நிவாரணத்தை எரிந்த விழுக்காட்டைக் கொண்டு அளக்கின்றன: 10-க்குக் கீழ் 85,000 ரூபாய்; 10 முதல் 30 வரை 4,15,000; அதற்கு மேல் 8,25,000. அந்த விழுக்காட்டை எழுத வேண்டியவர் மருத்துவர்.

பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. "ஸ்டவ் வெடித்தது" என்ற ஒரு வரியோடு எத்தனையோ வழக்குகள் முடிந்துபோகின்றன. கணவர் வீட்டார் அருகில் இல்லாமல் அப்பெண் நீதித்துறை நடுவரிடம் பேச வழி செய்ய வேண்டும். அவர் இறக்க நேர்ந்தால் அவ்வாக்குமூலம் மரண வாக்குமூலமாகிறது. 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதை ஏற்கிறது.

காவல்துறை நடைமுறைக்காகக் காத்திராமல் அவசர சிகிச்சை தர வேண்டியது அரசு, தனியார் மருத்துவர் அனைவரின் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சேர்க்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நேரத்தையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அறிவுரைக்கு எதிராக வீட்டுக்கு அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திடும் முன், அம்முடிவால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள்.

தெருவுக்கு இருவர் இதைக் கற்றிருந்தால் போதும். உடன் இருப்பவரின் கூலி இழப்பைச் சங்கம் பகிர்ந்துகொண்டால், மருத்துவமனைக்குச் செல்வது ஏழைக்கும் இயலும் முடிவாகும்.