‘பாண்டி’ என்ற சொல்லும் பிள்ளைகள் கையில் புத்தகமும்

(நமது வலியசாலை நிருபர்)

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழர்களில் ‘பாண்டி’ என்ற சொல்லைக் காதில் வாங்காதவர் அநேகமாக இருக்க முடியாது. பாண்டிய நாட்டிலிருந்து வந்தவன் என்பதுதான் அதன் பொருள். பொருளில் குற்றமில்லை, சொல்லுகிற தொனியில்தான் குற்றம். தமிழ்நாட்டு எண் எழுதிய லாரி ‘பாண்டி லாரி’. அதை ஓட்டி வருபவர் ‘பாண்டி’. அவருடைய மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, மலையாளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலும், விளையாட்டுத் திடலில் சண்டை மூண்டால் அவனும் ‘பாண்டி’தான்.

அதே பையன் கோடை விடுமுறைக்கு வள்ளியூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ போனால் அங்கே கதை வேறு. ‘மலையாளத்தான் வந்தாச்சு’ என்று வாசலிலேயே வரவேற்பு. பேச்சில் ஒரே ஒரு ‘எந்தா’ விழுந்துவிட்டால் போதும், வீடு முழுக்கச் சிரிப்பு. மே மாதக் கடைசியில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் வண்டிகளில் பெட்டி படுக்கையோடு தம்பானூரில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: வண்டி ஏறும்போது ஒரு மொழி, இறங்கும்போது ஒரு மொழி. இரண்டு ஊரும் தன்னுடையது என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. இரண்டு ஊரும் அதை விருந்தாளியாகத்தான் பார்க்கின்றன.

‘அப்படியென்றால் நான் யார்?’ என்று பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு கேள்வி எழுகிறது. பெற்றோரில் ஒரு சாரார் அதற்குப் பழம்பெருமையைப் பதிலாகச் சொல்கிறார்கள். வலியசாலையில் இதற்குப் பஞ்சமே இல்லை. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை நம் தெருதான் என்பது இங்குள்ளோர் நெஞ்சில் ஊறிய நம்பிக்கை. மற்றொரு சாரார், ‘காதில் விழாதது மாதிரிப் போயிடு’ என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துப் பெருமை நாளைய வகுப்பறைக்குத் துணை வராது. காதைப் பொத்திக்கொள்வதும் எத்தனை நாளைக்கு? இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. பிள்ளையின் கையில் நல்ல கதைப் புத்தகத்தைக் கொடுப்பதே அது.

அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள்

இது நமக்கு மட்டுமான பிரச்னை அல்ல. அமெரிக்காவில் நான்ஸி லாரிக் என்ற அம்மையார், 1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். அவற்றில் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்ற நூல்கள் 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. 1965ல் இந்தக் கணக்கை அவர் வெளியிட்டபோது அந்நாடே திடுக்கிட்டது. தன் போன்ற முகத்தை எந்தப் புத்தகத்திலும் காணாத கறுப்புக் குழந்தைக்கு அது இழப்பு. ஆனால் தன் முகத்தை மட்டுமே கண்டு வளரும் வெள்ளைக் குழந்தைக்கும் அது நஷ்டமே என்று அவர் சுட்டிக்காட்டினார்.

பிறகு 1990ல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியை இதை எல்லோருக்கும் புரியும்படி விளக்கினார். ஒரு புத்தகம் கண்ணாடியாக இருக்கலாம், ஜன்னலாக இருக்கலாம், கதவாகவும் இருக்கலாம் என்பது அவர் கருத்து. கண்ணாடியில் நம்மைப் பார்க்கிறோம். ஜன்னல் வழியே அடுத்த வீட்டைப் பார்க்கிறோம். கதவைத் திறந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே போகிறோம்.

நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் வேண்டும். அவற்றைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை என்பதே இங்கே சொல்ல வந்த செய்தி.

நம் தெருக் கண்ணாடிகள்

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன் (1934–2021) தமிழின் முதல்தரமான கதாசிரியர்களில் ஒருவர். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றவர். பலருக்குத் தெரியாத செய்தி, அவர் பள்ளியில் படித்தது மலையாளத்தில். தமிழைத் தம் முயற்சியால் கற்றார். ‘மலையாளப் பள்ளியில் படிக்கிறான், இனி தமிழ் எங்கே வரப்போகிறது?’ என்று கவலைப்படும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ தொகுப்பில் நாம் தினமும் தாண்டிப்போகும் கடைத்தெரு மனிதர்களைச் சந்திக்கலாம். 1974ல் வந்த ‘புனலும் மணலும்’ நாவலில் ஆற்று மணல் வாரிப் பிழைக்கும் அங்குசாமி என்பவர் வருகிறார். அவர் கெட்டவர் அல்லர், உழைப்பாளி. ஆனால் மனைவியின் முந்திய தாரத்துப் பெண்ணை அவரால் சகிக்க முடியவில்லை. காரணம் அவள் அழகில்லாதவள் என்பது மட்டுமே. அந்தப் பெண் என்ன செய்தாலும் அவர் மனம் இறங்குவதில்லை. தோற்றத்தை வைத்து ஒரு மனிதரை வெறுப்பது எங்கோ கடல் கடந்த நாட்டில்தான் நடக்கிறது என்று எண்ணுவோருக்கு இந்த நாவல் நல்ல மருந்து. கறுப்பாகப் பிறந்த பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

இதே நகரத்தில் வசித்து, மின்வாரியத்தில் எஞ்சினியராக வேலை பார்த்த நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968ல் வெளிவந்தது. இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றில் வளரும் திரவி என்ற பையன், குற்றம் எதுவும் செய்யாமல் புகுந்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தன் அக்காளுக்காகச் சமூகக் கட்டுப்பாட்டையே எதிர்த்து நிற்கிறான். பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964ல் ‘புத்தம் வீடு’ எழுதினார். ஒரே சாதி, ஒரே மதம்; ஆனால் நிலமுள்ள வீடு வேறு, பனையேறி வீடு வேறு. அந்த வேலியைத் தாண்டும் அன்புதான் கதை. இரண்டிலும் வரும் பேச்சு தென்கோடித் தமிழ். ‘உன் தமிழ் என்னடா இப்படி?’ என்று சொந்த ஊரில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை, அந்தப் பேச்சிலேயே ஒரு பெரிய நாவல் எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் தலைநிமிரும்.

தகழி கண்ட தமிழர்

கண்ணாடியோடு நின்றுவிட்டால், அழகு பார்த்துக்கொண்டே இருந்துவிடுவோம். இனி ஜன்னலுக்கு வருவோம்.

1947ல் தகழி சிவசங்கரப் பிள்ளை ‘தோட்டியுடெ மகன்’ என்ற நாவலை மலையாளத்தில் எழுதினார். ஆலப்புழை நகரசபையில் மலம் அள்ளியவர்களின் மூன்று தலைமுறைக் கதை அது. தாத்தா பெயர் இசக்கிமுத்து. மகன் சுடலைமுத்து. பெயரைக் கேட்டாலே எந்தச் சீமைக்காரர்கள் என்று தெரிகிறதல்லவா? ஊர் முகம் சுளித்த அந்த மனிதர்களைத் தம் நாவலின் நடுவில் உட்கார வைத்தவர் ஒரு மலையாளி என்பது குறிப்பிடத்தக்கது.

சுடலைமுத்துவுக்கு ஒரே ஆசை, தன் மகன் தோட்டியாகக் கூடாது. ‘மோகனன்’ என்று பெயர் வைக்கிறான். அந்தப் பெயரே ஊராருக்குப் பொறுக்கவில்லை. சக தோட்டிகளின் பிள்ளைகளோடு மகன் விளையாடுவதைத் தடுக்கிறான். காசு சேர்க்கும் வெறியில், தன்னோடு வாளி சுமந்தவர்கள் கட்டிய சங்கத்தை உடைக்கவும் துணைபோகிறான். கடைசியில் மேலே இருப்பவர்கள் அவனை ஏமாற்றுகிறார்கள். கொள்ளை நோய் அவனைக் கொண்டுபோகிறது. மகன் கைக்கும் அதே வாளிதான் வருகிறது. ஆனால் அந்த மகன் தகப்பனைப் போலத் தனியே தப்பிக்கப் பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து நிமிர்கிறான்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. அவரும் பள்ளியில் மலையாளம் படித்து, ஏறக்குறைய பதினெட்டு வயதில் தமிழ் எழுதக் கற்றவர். இளமையிலேயே அவர் செய்த இந்த மொழிபெயர்ப்பு, ‘தோட்டியின் மகன்’ என்ற பெயரில் நூலாக வந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பிள்ளைக்கு மலையாளம் சரளம், தகப்பனாருக்குத் தமிழ்தான் வரும் என்ற வீடுகள் இங்கே ஏராளம். தகப்பனார் தமிழில் படிக்கட்டும், பிள்ளை மலையாளத்தில் படிக்கட்டும். ராத்திரி சாப்பிடும்போது சுடலைமுத்து செய்தது சரியா தப்பா என்று இருவரும் பேசிக்கொள்ளட்டும். பிள்ளையின் படிப்பு எனக்குப் புரியவில்லையே என்று ஏங்கும் தகப்பனார்களுக்கு இப்படி ஒரு பாலம் வேறு எங்கே கிடைக்கும்?

நம் பக்கத்துக் கணக்கு

‘பாண்டி’ என்று பிறர் சொல்லும்போது நமக்குச் சுடுகிறது, நியாயம்தான். ஆனால் நம் சொந்த ஊரில் யார் எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம், யாருக்கு எந்தக் குவளையில் டீ என்று வகுத்தவர்கள் யார்? வேறு மாநிலத்தார் அல்லவே!

பாமா 1992ல் எழுதிய ‘கருக்கு’ என்ற தன்வரலாறு இதைப் பேசுகிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமியாக இருந்தபோது பாமா ஒரு காட்சியைக் கண்டார். தன் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், மேல்சாதிக்காரரிடம் பணிந்து நீட்டினார். சிறுமிக்கு ஒரே சிரிப்பு. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொன்னபோதுதான், அது வேடிக்கை அல்ல, தீண்டாமை என்று தெரிகிறது. ஒரு குழந்தையின் சிரிப்பு கோபமாக மாறும் அந்த இடத்தை வாசித்த பிள்ளை, பிறகு யாரையும் சுலபத்தில் கேலி செய்யாது.

இங்கும் அந்தக் கணக்கு பாக்கி உண்டு. நகரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் 1863ல் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்கக் கூட்டிச் சென்றதற்காக அந்தப் பள்ளியே கொளுத்தப்பட்டது. 2022ல் கேரள அரசு அதே பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. திருவிதாங்கூர் அரசின் வசமிருந்த கோயில்களின் வாசல் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ல்தான். வலியசாலைப் பிள்ளைகள் ராஜராஜனைத் தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சமியைத் தெரிந்துகொள்வது அதைவிட நல்லது.

‘பெங்காலி’க்கும் பெயர் உண்டு

இனி கதவு. அது நம் வீட்டு எதிரிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் கேரளத்தில் மண் வெட்டவும் கல் சுமக்கவும் சாரம் கட்டவும் வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்த இடத்தில் இன்று அசாம், ஒடிசா, பீகார், வங்காளத்துத் தொழிலாளிகள் நிற்கிறார்கள். அவர்கள் தொகை 25 லட்சத்துக்கு மேல் என்று 2013ல் வெளியான குலாத்தி நிறுவன ஆய்வு மதிப்பிட்டது. எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றே: ‘பெங்காலி’. நேற்று ‘பாண்டி’ என்று கேட்டுக் கூசியவர்களின் வாயிலிருந்தும் இன்று அந்தச் சொல் அதே தொனியில் வருகிறது. நமக்கு மேலே இருந்தவர்கள் இறக்கிவைத்த மூட்டையை அடுத்தவர் தலையில் ஏற்றுகிறோம்.

கேரள எழுத்தறிவு இயக்கம் 2017ல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு மலையாளம் கற்பித்தது. அதற்கென எழுதிய பாடநூலின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. நம் மலையாளம் என்று பொருள். தலைப்பின் முதல் சொல் இந்தி. வந்தவனின் சொல்லும் இருந்தவனின் மொழியும் ஒரே அட்டையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டிய பாடம் அந்த அட்டையிலேயே இருக்கிறது.

ஆகவே, புத்தகம் நல்லதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று சொல்லலாம். படித்து முடித்த பிள்ளை ‘நாம்தான் உசத்தி’ என்று சொன்னால் அந்தப் புத்தகம் போதாது. எதிர்க்கடையில் பாத்திரம் கழுவும் பையனைப் பார்த்து, ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்டால் அது நல்ல புத்தகம்.

பெற்றோர் செய்யக்கூடியது

பாளையத்தில் இருக்கும் மாநில மத்திய நூலகம் 1829லிருந்து இயங்கி வருவது. தமிழ் நூல்களுக்கும் அங்கே இடமுண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவர் உறுப்பினரானால் போதும். மேலே சொன்ன நாவல்கள் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே பொருந்தும். சில பக்கங்கள் கசப்பானவை. ஆகவே பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுப்பது நலம். படித்ததும் ‘இதிலிருந்து என்ன நீதி?’ என்று பரீட்சை வைக்க வேண்டாம். ‘யாரைப் பார்த்துப் பாவமாக இருந்தது? யார்மேல் கோபம் வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். லாட்ஜ் அறைகளில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளத் தோழர்கள், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம்.

புத்தகம் படித்ததால் நாளைக்கே ‘பாண்டி’ என்ற சொல் ஒழிந்துவிடாது. அதைச் சொல்பவனின் வாயை நாம் கட்ட முடியாது. ஆனால் அந்தச் சொல்லை வாங்கி இன்னொருவன் மேல் எறியாத பிள்ளையை நம் வீட்டில் வளர்க்க முடியும்.