குருவிடம் போன சாம்பியன்கள்

கோடையில் வானிலை மையம் தரும் வெப்பப் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர் திருத்தணி. இங்கே ஐஸ் என்றால் தள்ளுவண்டியில் வரும் குச்சி ஐஸ்தான். ஆனால், ஆட்டம் என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகையன்று பம்பை முழங்க, காவடிகள் 365 படி ஏறுவதைப் பாருங்கள். கால் தாளத்துக்குத் துள்ளும். தோளில் காவடி சாயாது. பனித்தளத்தில் ஸ்கேட்டிங் ஷூ அணிந்து ஆடும் ஐஸ் நடனத்தின் சூட்சுமமும் இதுவே.

ஸ்கேட்டிங் ஷூவின் அடியில் உள்ள பிளேடின் அகலம் சுமார் நான்கு மில்லிமீட்டர். அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு விளிம்புகள். ஏதாவது ஒரு விளிம்பில் உடலைச் சாய்த்து, தாளம் பிசகாமல் ஆணும் பெண்ணும் ஜோடியாக வளைந்து சுழல வேண்டும். துணையைத் தூக்கி வீசக் கூடாது. அதிக நேரம் பிரிந்து ஆடினால் மதிப்பெண் குறையும். 1976 இன்ஸ்ப்ரூக் போட்டியிலிருந்து இது ஒலிம்பிக் விளையாட்டு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மெரில் டேவிஸும் சார்லி வைட்டும் 1997-ல் ஜோடி சேர்ந்தார்கள். இருவருக்கும் அப்போது சுமார் பத்து வயதுதான். கடைசிவரை ஜோடியை மாற்றவில்லை. அவர்களுடைய பெரும் போட்டியாளர்களான கனடாவின் டெஸ்ஸா விர்ச்சு, ஸ்காட் மோயர் ஜோடியும் மிச்சிகனில், அதே பயிற்சியாளர்களிடம்தான் கற்றது.

2009-10 பருவத்தில் ஒரு சுற்றுக்கு நாட்டுப்புற நடனம் என்று விதி வந்தது. டேவிஸும் வைட்டும் இந்திய நடனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘தேவதாஸ்’ படத்தின் ‘டோலா ரே’, ‘பண்டி ஔர் பப்ளி’ படத்தின் ‘கஜ்ரா ரே’ ஆகிய பாடல்களும் அதில் இருந்தன. வீடியோவைப் பார்த்துக் காப்பியடித்திருக்கலாம். அவர்களோ மிச்சிகனில் இந்திய நடனம் கற்றுத்தரும் அனுஜா ராஜேந்திராவைத் தேடிப்போய்க் கற்றார்கள். அதனால்தான், கால் ஐஸில் வழுக்கி ஓடும்போதும் கையும் கழுத்தும் கண்ணும் நம்மூர் பாணியில் பேசின. இந்திய ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

அதே பருவத்தில், ரஷ்யாவின் உலக சாம்பியன்களான ஒக்சானா டோம்னினாவும் மாக்சிம் ஷபாலினும் ஆஸ்திரேலியப் பழங்குடி நடனம் என்று சொல்லி, உடலில் கோடுகளும் இலைகளுமாக ஆடினார்கள். தங்கள் பண்பாட்டைக் கொச்சைப்படுத்துவதாகப் பழங்குடித் தலைவர்கள் கண்டித்தார்கள். திறமையில் இரு ஜோடிகளும் சளைத்தவர்கள் அல்ல. கற்றுக்கொண்ட விதத்தில்தான் வித்தியாசம்.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் விர்ச்சு-மோயருக்கு, வெள்ளி டேவிஸ்-வைட்டுக்கு, வெண்கலம் ரஷ்ய ஜோடிக்கு. அடுத்த ஆண்டே டேவிஸும் வைட்டும் உலக சாம்பியன் ஆனார்கள். 2014 சோச்சியில் 195.52 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்கள். ஐஸ் நடனத்தில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அதற்குப் பின்னால் பதினேழு வருட உழைப்பு இருந்தது.

நம் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பிள்ளைகள் வேறு மாநில, பழங்குடி நடனங்களை ஆடுகிறார்கள். யூடியூப் பார்த்து இரண்டு நாளில் ஒப்பேற்றிவிடுகிறோம். ஆசிரியர்களே, பெற்றோர்களே! அந்த ஆட்டத்தை அறிந்த ஒருவரை அழைத்து வந்து, ஒரு மாதமாவது முறையாகக் கற்றுக்கொடுங்கள். ஒலிம்பிக் வீரர்களே குருவிடம் போனார்கள். நம் பிள்ளைகளும் போகட்டும்.