பேராதனையும் வானொலி வரலாறும்

இலங்கை வானொலியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கொழும்பையே நோக்குவர். கண்டியை நினைப்போர் மிகச் சிலரே. தந்திப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கியது கொழும்பில் என்பது உண்மையே. ஆயினும் அக்குரல் கடல் கடந்து ஒலித்தமைக்குக் காரணம் மலைநாட்டில் உளது.

1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைத் தாவரவியற் பூங்காவிற்கு மாற்றினார். பர்மா முதலிய நாடுகளிற் போரிட்ட வீரர்க்கென ‘சீயாக் வானொலி’ எழுந்தது. அதன் கலையகம் கொழும்பில் இருந்ததேனும், அதனை வேண்டிநின்றது பேராதனையே. அதன்பொருட்டு ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற்றுச் சிற்றலைப் பரப்பி இயங்கத் தொடங்கியதோ 1946இல். போர் முந்திய ஆண்டே முடிந்திருந்தது! 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950களில் இந்திய நேயர் விரும்பிக் கேட்ட வர்த்தக ஒலிபரப்புக்கு இப்போர்க்கால உடைமையே அடிப்படையாயிற்று.

வானொலியிற் பணியாற்றியவாறே அதனை ஆராய்ந்த சோ. சிவபாதசுந்தரம் ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலைத் தந்தார், பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ எனப் பெயரிட்டவரும் அவரே. கலையை அவர் எழுதினார். வரலாறு எழுதுவோர்க்கு இடர் வேறு. ஒலித்த சொற் பெரும்பாலும் காற்றோடு கரைந்தது. எஞ்சுவன அலுவலகக் கோப்புகளும், நிகழ்ச்சி நிரல்களும், கேட்டோர் நினைவுமே. அந்நினைவுடையோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர். பூங்காவின் அயலிலேயே பல்கலைக்கழகம் அமைந்திருப்பதால், இப்பணியை மேற்கொள்ளும் மாணவர்க்குத் தொடக்க இடம் நடைதூரத்திலேயே உள்ளது.