கொடிமலை ரயிலும் பருவ காலமும்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு மாதங்களை அளந்து கொடுத்த பஞ்சாங்கத்தைத் தமிழர்கள் கப்பலேறியபோது தங்களோடு பினாங்குக்கும் கொண்டுவந்தார்கள். ஆனால் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் கிடக்கும் இந்தத் தீவு அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட மறுத்துவிட்டது. தமிழ்நாட்டில் பனி இறங்கும் தை மாதத்தில் இங்கே வறண்ட வெயில் கொளுத்துகிறது. தைப்பூசத்தன்று காவடி சுமந்து தண்ணீர்மலை முருகனை நோக்கி வெறுங்காலோடு நடப்பவர்களுக்காகத் தார்ச் சாலையில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் டவுன் நகரத்தில் ஒரு மாதத்துச் சராசரி உஷ்ணத்துக்கும் இன்னொரு மாதத்துச் சராசரிக்கும் ஓரிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் காண்பது அரிது. ஆனால் பிற்பகலில் 32 டிகிரி செல்சியஸை எட்டும் அதே நகரம் விடியற்காலையில் 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஓர் ஆண்டு முழுவதும் நிகழாத மாறுதல் ஒரே நாளுக்குள் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் இவ்வூர்ச் சீதோஷ்ணத்தின் முதல் விசேஷம்.

மாதத்துக்கு மாதம் மாறுவது மழையே. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ரா தீவின் மலைகளும், வடகிழக்குப் பருவக்காற்றை மலாயாத் தீபகற்பத்தின் நடு மலைத்தொடரும் பெருமளவு மறித்து நிற்பதால், காற்று திசை மாறும் இடைக்காலங்களிலேதான் இங்கே மழை வலுக்கிறது. அவற்றுள்ளும் செப்டம்பரும் அக்டோபரும் முதன்மையானவை. ஜனவரியும் பிப்ரவரியும் வறட்சியானவை. வறண்ட நாட்களைத் தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்தால், குறிஞ்சி நிலத்து வேங்கைக்கு நெருங்கிய உறவினதான அங்சானா மரங்கள் சாலையோரங்களில் ஒருசேரப் பூத்து, மறுநாளே தம் பூக்களை நடைபாதையில் மஞ்சளாகக் கொட்டிவிடுகின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் தீவின் மேற்குப் புறத்துப் பாலேக் பூலாவிலிருந்து டுரியான் வந்து இறங்கும்போது, அதன் மணமே பருவத்தை அறிவித்துவிடுகிறது. மழையும் பூவும் பழமும் இங்ஙனம் முறை தவறாமல் வந்து போனாலும், உடம்பு குளிரை உணர வேண்டுமானால் மலைமேல் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த ஏற்றத்துக்கு வாய்த்த யந்திரமே, 1923ஆம் ஆண்டு முதல் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலிருந்து ஓடிவரும் கொடிமலை ரயில்.

உயரே போகப் போக ஏன் குளிர்கிறது? சூரியனை நெருங்குகிறோமே, உஷ்ணம் மிகவல்லவா வேண்டும் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. சூரிய கிரணங்கள் பெரும்பாலும் காற்றை ஊடுருவிச் சென்று தரையைச் சுடுகின்றன. சுட்ட தரையே காற்றைச் சூடாக்குகிறது. அவ்வாறு சூடேறி மேலெழும் காற்று, மேலே அழுத்தம் குறைந்திருப்பதால் விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் உஷ்ணத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்ந்துபோகிறது. சராசரியாக ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது விஞ்ஞானிகள் கண்ட அளவு. ரயிலின் மேல் நிலையம் கடல் மட்டத்துக்குச் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நகரத்தைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி அங்கே எப்போதும் எதிர்பார்க்கத் தக்கது.

இந்தக் குளிர்ச்சியின் அருமையை 1786இல் தீவில் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டே அறிந்திருந்தார். காட்டை வெட்டி மலைமேல் பாதை போட்டு, அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டுப் பார்த்தார் என்பது வரலாறு. அவருக்குப் பின்வந்த ஆங்கில அதிகாரிகள் குதிரையிலும், மனிதர் தோள்கொடுத்துச் சுமந்த டோலியிலும் ஏறிச்சென்று பங்களாக்களில் இளைப்பாறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயன்ற முதல் ரயில் பயனளிக்காமல் கைவிடப்பட்டது. பிறகு பொறியியலாளர் ஏ. ஆர். ஜான்சன், சுவிட்சர்லாந்து தேசத்து மலை ரயில்களை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இன்றைய பாதையை அமைத்து முடித்தார்.

சாதாரண ரயில் வண்டியின் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றி உருளும் பிடிப்பு, இத்தகைய செங்குத்தான சரிவுக்குப் போதாது. ஆகையால் இங்கே வண்டியில் எஞ்சினே கிடையாது. மலையுச்சியில் ஒரு பெரிய உருளையின்மேல் எஃகு வடம் ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு வண்டி கட்டப்பட்டிருக்கிறது. கிணற்று இராட்டினத்தில் ஒரு குடம் ஏற மறு குடம் இறங்குவதைப் போல, ஒரு வண்டி கீழே வரும்போது அதன் பாரமே மற்றதை மேலே இழுக்கிறது. இரண்டு வண்டிகளின் எடையும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுவதால், மேலுள்ள மின்சார மோட்டாருக்கு மிஞ்சும் வேலை பிரயாணிகளின் எடை வித்தியாசத்தையும், உராய்வையும், நீண்டு தொங்கும் வடத்தின் பாரத்தையும் சமாளிப்பதுதான். ஏறுகிறவர்களை இறங்குகிறவர்களே தூக்கிவிடுகிறார்கள் என்று சொன்னால் அது அலங்காரமன்று. பௌதிக சாஸ்திரத்தின் கூற்றே.

இரண்டு வண்டிகளுக்கும் பாதை ஒன்றே என்றால், அவை நடுவழியில் மோதிக்கொள்ளாமல் விலகுவது எப்படி? பாதை சரிபாதியில் இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது. ஆனால் அங்கே வழி திருப்ப ஆளுமில்லை, அசையும் தண்டவாளமுமில்லை. கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியியலாளர் கண்ட யுக்தி இது; அவர் நாட்டில் கீஸ்பாக் அருவிக்குச் செல்லும் ரயிலில் 1879இல் முதன்முதல் பயன்பட்டது. அந்த முறையில், ஒரு வண்டியின் இடப்புறச் சக்கரங்களுக்கு இருபக்கமும் விளிம்பு உண்டு; அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு இடப்புறமே செல்லும். அதன் வலப்புறச் சக்கரங்களோ விளிம்பில்லாத அகன்ற உருளைகள்; அவை குறுக்கிடும் தண்டவாளத்தையும் வடத்தையும் தடையின்றித் தாண்டிவிடும். எதிர் வண்டியில் இந்த அமைப்பு இடம் மாறியிருப்பதால் அது வலப்புறமே செல்லும். ஆகவே ஒவ்வொரு வண்டியும் தனக்குரிய பக்கத்தை ஒருபோதும் மறப்பதில்லை.

பழைய நாட்களில் பாதை இரு பகுதிகளாக இருந்தது. இடை நிலையத்தில் இறங்கி வேறு வண்டி மாறி, அரைமணி நேரத்தில் உச்சியை அடைந்தார்கள். 2010இல் ரயிலை நிறுத்திப் புதுப்பித்து, 2011இல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வண்டியில் செல்லும்படி திறந்தார்கள். இப்போது பத்து நிமிஷத்துக்குள் பிரயாணம் முடிந்துவிடுகிறது. இந்த வேகத்தால் ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. நகரத்து வேர்வை உலருமுன்பே மலைக்காற்று மேலே படுவதால், குளிர்ச்சியின் வித்தியாசம் சட்டென்று புலனாகிறது. ஆனால் வீட்டுக் கூரைகள் பழ மரங்களுக்கும், பழ மரங்கள் அடர்ந்த காட்டுக்கும், காடு மரப்பன்னங்களுக்கும் இடம் கொடுத்து விலகும் அந்தப் படிப்படியான மாற்றத்தை நின்று பார்க்க இப்போது அவகாசமில்லை. 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த வனத்தை நாம் ஒரு ஜன்னலின் பச்சை நிறமாக மட்டும் கண்டு கடக்கிறோம். கால் வலுவுள்ளவர்கள் ஏறுவதற்கு ரயிலையும் இறங்குவதற்கு ஜீப் பாதையையும் கொண்டால் இந்த நஷ்டத்தை ஈடு செய்யலாம்.

உச்சியில் நின்றால், துறைமுகத்துக் கப்பல்களும், கொம்தார் கோபுரமும், 1985இல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர்ப் பாலமும், காலையில் தெளிவாகத் தெரிகின்றன. பிற்பகலில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகத் திரள, நகரம் சில கணங்களில் மறைந்து, மீண்டும் ஒரு தெருவாக, ஒரு கூரையாகத் திரும்புகிறது. அன்றாடம் கடையும் கணக்குமாக நாம் உழலும் ஊரே இத்தனை சௌந்தரியம் உடையதா என்று எண்ணத் தோன்றுவது அப்போதுதான். தூரமும் மறைவும் பழக்கத்தின் தூசியைத் துடைத்துவிடுகின்றன.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். ஒரு வெப்பமானியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, கீழ் நிலையத்திலும் மேல் நிலையத்திலும் நிழலில் உஷ்ணத்தை அளந்து எழுதுங்கள். ஜனவரியில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை என்று இதைத் திரும்பச் செய்யுங்கள். அன்று மழையா, மூடுபனியா, வீதியில் எந்த மரம் பூத்தது, சந்தையில் என்ன பழம் வந்தது என்பதையும் பக்கத்திலே குறியுங்கள். சில ஆண்டுகளில் அந்த நோட்டுப் புத்தகமே இத்தீவுக்குரிய பஞ்சாங்கமாகிவிடும். அதை எழுதியவருக்கு, பினாங்கில் பருவமே கிடையாது என்று சொல்ல வாய் வராது.