மாதோட்டத்தில் இறங்கிய குதிரைகள்

திருக்கேதீஸ்வரம் என்றதும் தேவாரமும் பாலாவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் அக்கோயில், மாதோட்டம் என்னும் பெருந்துறைமுகத்தின் கோயிலாகும். அருவியாற்றின் வழியே அனுராதபுரத்தோடு இணைந்திருந்த இத்துறையில் 1980 முதல் 1984 வரை நடைபெற்ற அகழாய்வுகள் பாரசீக, சீன மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. மட்கலங்கள் மண்ணில் எஞ்சும். குதிரை வாணிபத்துக்கோ எழுத்துச் சான்றுகளையே பெரிதும் நாடவேண்டியுள்ளது.

கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான கொஸ்மஸ், ஈழத்து மன்னன் யானைகளை உயர அளவுப்படி விலைகொடுத்து வாங்கினான் என்றும், பாரசீகக் குதிரைகளை வாங்கியதோடு அவற்றைக் கொணர்ந்தோருக்குச் சுங்கவிலக்கும் அளித்தான் என்றும் குறிப்பிடுகின்றார். துறைமுக வருவாயைச் சார்ந்த அரசு அவ்வருவாயையே விட்டுக்கொடுக்குமாயின், அப்பண்டத்தின் அரசியற் பெறுமதி தெளிவாகும்.

முத்தும் மிளகும் விலை கொடுத்ததோடு முடிபவை. குதிரையோ வாங்கிய நாள் முதலே தீனி, கொட்டில், பயிற்சி, வைத்தியம் அனைத்தையும் வேண்டி நிற்பது. இதனை விளக்க, காலத்தாற் பிந்தியதெனினும் எதிர்க்கரைச் சான்றொன்று உதவும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கின்றார். சோறும் இறைச்சியும் அவற்றுக்குத் தீனியாக இடப்பட்டன. நல்ல குதிரைகளுக்குப் பிறந்த குட்டியும் கால் கோணியே பிறந்தது. அவர் தரும் செய்திகளுள் மிகவும் கூர்மையானது வேறு: குதிரை வைத்தியர் இந்நாட்டுக்கு வராதவாறு வணிகரே தடுத்தனராம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரையொன்றுக்கு 220 பொன் தீனார் விலை குறிக்கப்பட்டதென்றும், கடலில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே பணம் செலுத்தியதென்றும் எழுதுகின்றார். இழப்பு முழுவதும் வாங்குவோன் தலையில் விழுந்தது. பராமரிக்கும் அறிவு விற்போனிடமே தங்கியதால், மன்னன் மீண்டும் மீண்டும் வாங்கவேண்டியவனானான்.

இந்த உறவை மனத்திற்கொண்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்குத் திரும்புவோம். சூரதீசனை வென்று அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் மகாவம்சம் ‘அஸ்ஸநாவிக’னின் மைந்தர் என்கின்றது; குதிரைகளைக் கப்பலிற் கொணர்பவன் என்பது அச்சொல்லின் பொருள். அத்தந்தை எத்துறையில் இறங்கினான் என்று நூல் கூறவில்லை. எனினும் பாரசீகத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வரும் கலங்களுக்கும் தலைநகருக்கும் இசைவான துறை மாதோட்டமே என்பதால், அதனை அங்கு வைத்துக் காண்பது பொருந்தும். குதிரையும் அதனை ஆளும் அறிவும் ஒரே குடும்பத்திடம் இருந்தமை, அவர்கள் படைவலிமைக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம் என்பது எமது ஊகம்.

பிற்காலத்தார் இந்நிகழ்ச்சியை இனப் படையெடுப்பு எனச் சுருக்கினர். மகாவம்ச ஆசிரியரோ அவர்களது தந்தையின் தொழிலைக் கூறி, அவர்கள் நீதியாக ஆண்டனர் என்றும் எழுதிச் செல்கின்றார்.