பின்சக்கரத்தைத் தூக்கும் முன்

உத்திரமேரூர்ப் பக்கம் காய்கறி ஏற்றும் டாடா ஏஸ், வயலுக்கும் டவுனுக்கும் ஓடும் பொலேரோ, இன்னும் ஓய்வு பெறாத பழைய ஆம்னி ஆகிய மூன்றுமே பின்சக்கர இழுவை வண்டிகள். பின் ஆக்சிலின் நடுவில் பானை வயிறு போலப் புடைத்திருக்கும் உறைக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கிரவுன் ஆயிலைப் பட்டறைக்குப் போகாமல் வாசலிலேயே மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும், இன்னொன்றின் வழியே நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். வேலையில் ஆபத்து குறைவு. அதற்காக வண்டியைத் தூக்குகிறோமே, ஆபத்து அங்கேதான். (இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் செய்துவரும் கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இழுவை. அவற்றில் பின்னால் இந்த உறையே கிடையாது, தேட வேண்டாம்.)

மாற்ற வேண்டிய காரணம் இந்த ஊரில் பல நேரம் மழைதான். ஓடிச் சூடான ஆக்சில், தரைப்பாலத்து வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் பால் கலந்த காபி நிறத்துக்கு வந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது.

இனி, தூக்கும் விஷயம். இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்தப் பிடி பின்சக்கரங்களுக்குத்தான் போகிறது. இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கிவிட்டால் பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை; தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் உருளத் தயாராக நிற்கின்றன.

ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கே டிஃபரன்ஷியலே எதிரி. இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுப்பதுதான் அதன் தொழில். கியர் போட்டு, டிஃபரன்ஷியலுக்கு வரும் தண்டைப் பூட்டினாலும், தரையில் இருக்கும் சக்கரம் முன்னால் உருள, தூக்கிய சக்கரம் பின்னால் சுற்றும். கியர் மட்டும் வண்டியை நிறுத்தாது. மிச்சம் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். ஆனால் ஆக்சில் சீல் ஒழுகுகிறது என்பதற்காகத்தான் அடியில் நுழைகிறீர்கள் என்றால், அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கையும் நனைத்திருக்க வாய்ப்பு உண்டு. எதை நம்பி அடியில் போகிறீர்களோ, அது ஏற்கெனவே கெட்டிருக்கலாம்.

ஏரிப் பாசன ஊரின் களிமண், மழைக்குப் பிறகு ஜாக்கியின் சின்ன அடித்தட்டைத் தாங்காமல் உள்ளே வாங்கும். முட்டுக் கொடுக்கப் பலர் எடுப்பது ஹாலோ பிளாக். அது விரிசல் காட்டிவிட்டு உடையாது, ஒரே நொடியில் நொறுங்கும். பொலேரோவின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அதில் ஒரு பங்கு நெஞ்சில் அமர்ந்தால், எலும்பு முறியாவிட்டாலும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். 108 வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆகும்.

ஆகவே முதல் கேள்வி, தூக்கத்தான் வேண்டுமா? உயரமான வண்டியில் நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கை எட்டும். எண்ணெய் அளவும் வண்டி சமமாக நின்றால்தான் சரியாக வரும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பைத் தொட வேண்டும் என்பதே கணக்கு. பின்பக்கம் தூக்கிய வண்டியில் அந்தக் கணக்குத் தப்பும். கட்டாயம் தூக்க வேண்டுமென்றால் சிமெண்ட் தரை, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை, ஆக்சிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு, பக்கத்தில் ஓர் ஆள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல.

வடிக்கும் பிளக்கில் கை வைப்பதற்கு முன் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வடித்த பிறகு அது திறக்காவிட்டால் வண்டி அங்கேயே கிடக்கும். எண்ணெய் இல்லாமல் பட்டறைவரை ஓட்டினால் பல்சக்கரம் தீய்ந்துபோகும். துருப்பிடித்த பிளக்கை ஸ்பேனரில் குழாய் மாட்டி ஓங்கி இழுப்பதும் ஜாக்கியில் நிற்கும் வண்டியைச் சரிக்கப் போதுமானது.

டிராக்டருக்கு வாங்கிய எண்ணெயில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றுகிறவர்கள் உண்டு. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் பல்லைக் காப்பவை கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள். அவை போதிய அளவில் இருப்பது ஜி.எல்-5 தர எண்ணெயில். பெரும்பாலான டிராக்டர் எண்ணெய் அந்தத் தரத்தில் இல்லை. வண்டிக் கையேட்டில் எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

வடித்த எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. வாய்க்காலில் ஊற்றினால் ஏரிக்குப் போகும். பராந்தக சோழன் காலத்திலேயே ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்த உத்திரமேரூரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மூடிய கேனில் பட்டறையில் கொடுத்தால், பழைய எண்ணெய் எடுக்க வருகிறவர்களிடம் சேர்த்துவிடுவார்கள்.